பட்ஜெட்டில் டிசைன் கம்ப்யூட்டர்: பின்னால் மேம்படுத்த முடியுமா? தென்காசி, குற்றாலம் டிசைனர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் தென்காசியில் டிசைன் வேலையும் கூடும். விடுதிக்குப் புது போர்டு, ஹோட்டலுக்கு மெனு கார்டு, சீசன் கடைகளுக்கு விலைப் பட்டியல், இன்ஸ்டாகிராமில் போட போஸ்டர் என்று ஆர்டர் வரிசை கட்டும். சீசன் முடிந்து ஆவணி வந்தால் கல்யாணப் பத்திரிகை, அதன் பிறகு தீபாவளி விளம்பரம், காலண்டர்.

இந்த வேலையை நம்பித்தான் ஃபிளக்ஸ் கடையிலோ ஸ்டுடியோவிலோ வேலை பார்க்கும் பல இளைஞர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறார்கள். அதற்கு முதல் முதலீடு ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பணம் பெரும்பாலும் சேமிப்பில் இருந்து வருவதில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோதான் வருகிறது. அப்படி வாங்கிய சிஸ்டம் ஒரே வருடத்தில் திணற ஆரம்பித்து, "ரேம் போட இடமில்லை, கிராஃபிக்ஸ் கார்டு போட பவர் பத்தாது" என்று கடைக்காரர் கையை விரித்தால், நகையும் மீளாது, தொழிலும் ஓடாது.

முதலிலேயே எல்லாவற்றையும் உயர் ரகத்தில் வாங்க எல்லோராலும் முடியாது. இப்போது தேவையானதை வாங்கி, வருமானம் வர வர ஒவ்வொரு பாகமாகக் கூட்டிக்கொள்ளக் கூடிய கம்ப்யூட்டரைத் தேர்வு செய்வதுதான் வழி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• வேலை எந்த அளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.
• கிராஃபிக்ஸ் கார்டு பிறகு போடலாம். மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினட் மூன்றும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.
• 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி. என்பது இன்றைய தொடக்க அளவு.
• ஆல்-இன்-ஒன், கைக்கு அடக்கமான மினி பிசி இரண்டும் பின்னால் மேம்படுத்த நினைப்பவர்களுக்கு ஏற்றவை அல்ல.
• மானிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம்.
• யு.பி.எஸ்., எர்த்திங் இரண்டும் பட்ஜெட்டுக்குள்ளேயே வர வேண்டும்.

ரெடிமேடா? அசெம்பிள்டா?

கடையில் இரண்டு வகை சொல்வார்கள். ஹெச்.பி., டெல், லெனோவா, ஏசர் போன்ற நிறுவனங்கள் பெட்டியில் சீல் போட்டு விற்பது 'பிராண்டட்'. கடைக்காரரே பாகங்களை வாங்கி மாட்டித் தருவது 'அசெம்பிள்ட்'.

பிராண்டடில் விண்டோஸ் பெரும்பாலும் சேர்ந்தே வரும். வாரண்டிக்கு ஒரே இடம். தானாகப் பாகம் தேர்வு செய்து மாட்டத் தெரியாதவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் மேம்படுத்தும் விஷயத்தில் சில பிராண்டட் மாடல்கள் கைகளைக் கட்டிப் போட்டுவிடும். அசெம்பிள்டில் சுதந்திரம் அதிகம். அதே நேரம் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. பழுது எதில் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்று அங்கே போய் வாங்கி, பொதிகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டு வருபவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் பழுது வந்தால் அதே ரயிலில் திரும்பக் கொண்டு போக வேண்டியிருக்குமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் நேரத்தில் நாலு நாள் சிஸ்டம் இல்லை என்றால், மிச்சப்படுத்திய பணத்தைவிட இழக்கும் ஆர்டர் அதிகம்.

பிராண்டட் வாங்குபவர்கள் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது: "வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்-சைட் வாரண்டி எங்க பின்கோடுக்கு உண்டா?" தென்காசி 627811, குற்றாலம் 627802 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்க. திருநெல்வேலி வரை வருவோம் என்று சொல்வதும், உங்கள் வீட்டுக்கு வருவோம் என்று சொல்வதும் ஒன்றல்ல. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். அதனால் சில சேவைப் பட்டியல்களில் இன்னமும் திருநெல்வேலி என்றே தேட வேண்டியிருக்கலாம்.

உங்கள் வேலை எந்த அளவு?

'டிசைன் வேலைக்கு ஒரு சிஸ்டம்' என்று மட்டும் கடையில் கேட்டால், கையில் ஸ்டாக் இருப்பதைத்தான் காட்டுவார்கள். வேலையைப் பிரித்துச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ4 அளவு பத்திரிகை, 300 டிபிஐ: 2480 × 3508 பிக்சல். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக ஒரு முழு லேயர் சுமார் 35 எம்பி.

12 × 36 அங்குல கல்யாண ஆல்பம் ஷீட், 300 டிபிஐ: 3600 × 10,800 பிக்சல். ஆர்.ஜி.பி. வண்ணத்தில் ஒரு முழு லேயர் சுமார் 117 எம்பி.

10 × 6 அடி ஃபிளக்ஸ், 100 டிபிஐ: 12,000 × 7,200 பிக்சல். சி.எம்.ஒய்.கே. என்றால் ஒரு முழு லேயர் சுமார் 345 எம்பி.

அதாவது பத்திரிகையைவிட ஃபிளக்ஸ் பத்து மடங்கு கனம். பின்னணி, அருவி போட்டோ, நிழல், எஃபெக்ட் என்று பத்து முழு லேயர் வைத்தால் அந்த ஒரு ஃபைலே 3.4 ஜிபி-யைத் தாண்டிவிடும். இதோடு விண்டோஸ், பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாம் ஓட வேண்டும். 'நீங்கள் சேமிக்கும்போது ஃபைல் சின்னதாத்தானே இருக்கு?' என்று கேட்கலாம். வட்டில் சுருக்கி வைத்திருக்கும். வேலை செய்யும்போது ரேமில் விரித்துத்தான் ஆக வேண்டும்.

8 ஜிபி ரேம் போதுமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி-யும் அதற்கு மேலும் என்று அடோபி நிறுவனமே சொல்கிறது. முப்பரிமாண வேலைக்கான பிளெண்டரில் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி.

வேலைவாரியாகப் பார்த்தால்:

பத்திரிகை, லோகோ, விசிட்டிங் கார்டு, சோஷியல் மீடியா போஸ்டர் – 16 ஜிபி ரேம் போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை.

ஃபிளக்ஸ், ஆல்பம் – 16 ஜிபி-யில் தொடங்கி 32 ஜிபி-க்குப் போக வழி இருக்க வேண்டும். வேகமான எஸ்.எஸ்.டி. அவசியம்.

ரீல்ஸ், கல்யாண வீடியோ எடிட்டிங் – 32 ஜிபி ரேம், சின்ன அளவிலாவது தனி கிராஃபிக்ஸ் கார்டு.

வீட்டு எலிவேஷன், 3டி – கிராஃபிக்ஸ் கார்டுதான் முதல் செலவு. அதிலும் கார்டின் சொந்த நினைவகம் 8 ஜிபி இருந்தால் நல்லது. இந்த வேலைக்கு மிகக் குறைந்த பட்ஜெட்டில் இறங்க வேண்டாம்.

மாற்ற முடியாதது எது? அதில்தான் கவனம்

எல்லாப் பாகமும் பின்னால் மாற்றக் கூடியவை அல்ல. வாங்கும்போது எதில் சமரசம் செய்யலாம், எதில் கூடாது என்பது இதை வைத்துத்தான்.

1. கேபினட்: முழு டவர் அல்லது மினி டவர் வாங்குங்கள். மேசையில் இடம் அடைக்காத ஒல்லி டப்பா அழகாக இருக்கும். ஆனால் அதில் பாதி உயர கிராஃபிக்ஸ் கார்டு மட்டும்தான் நுழையும். அந்த வகையில் தேர்வு குறைவு. ஆல்-இன்-ஒன்னில் திரையும் கம்ப்யூட்டரும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று போனால் இரண்டும் போன மாதிரி. மினி பிசி-யில் லேப்டாப்புக்கான ரேம்தான் இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமே இருக்காது.

2. பவர் சப்ளை: பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஆபீஸ் வேலைக்காக வரும் சில பிராண்டட் டவர்களில் 180 வாட் அளவில்தான் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும். டைப்பிங்குக்கு அது போதும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் தாங்காது.

'அப்போ எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாத்திட்டா போச்சு' என்று நினைப்பீர்கள். இங்கேதான் சிக்கல். டெல், ஹெச்.பி. நிறுவனங்களின் பல ஆபீஸ் ரக மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர், சந்தையில் கிடைக்கும் சாதாரண 24 பின் கனெக்டர் இல்லை. அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். மதர்போர்டும் அப்படியே. கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்-ஐ வாங்கி நேராக மாட்ட முடியாது. எனவே கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையில் 24 பின் கொண்ட நீளமான கனெக்டர் இருந்தால் பெரும்பாலும் பிரச்னை இல்லை.

அசெம்பிள்டில் வேறு ஆபத்து. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்-இல் '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உண்மையில் அவ்வளவு தராது. '80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்-ஐத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இது கெட்டால் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

3. மதர்போர்டு: நான்கு விஷயம் எண்ணிப் பாருங்கள். ரேம் போட எத்தனை ஸ்லாட்? எஸ்.எஸ்.டி-க்கு எத்தனை எம்.2 ஸ்லாட்? பழைய ஹார்டு டிஸ்க் மாட்ட சாட்டா போர்ட் இருக்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளமான பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட் இருக்கிறதா? இதில் கடைசி இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

4. சாக்கெட்: பிராசசர் உட்காரும் இடம். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் மூன்றும் ஒரே எல்.ஜி.ஏ.1700 சாக்கெட். இன்று 12-ஆம் தலைமுறை ஐ3 வாங்கினால், நாளை 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ5-க்கு மாற வாய்ப்பு உண்டு. ஆனால் அதன் பயாஸ் அதற்கு இடம் தர வேண்டும், பிராண்டட் மாடல் என்றால் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த வரிசை 14-உடன் முடிந்துவிட்டது. ஏ.எம்.டி-யின் ஏ.எம்.4 சாக்கெட் பழையது, மலிவு. 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. நீண்ட காலம் மேம்படுத்த நினைப்பவர்களுக்கு ஏ.எம்.5 பொருத்தம். ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போட முடியும், தொடக்கச் செலவு கூடும்.

பிராசசர்: எழுத்தைப் படியுங்கள்

ஃபோட்டோஷாப், கோரல் டிரா போன்றவற்றின் பல வேலைகளுக்குக் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகம்தான் முக்கியம். எனவே பழைய ஐ7-ஐவிடப் புதிய ஐ3 வேகமாக இருப்பது சாதாரணம். 'ஐ7 சார், கம்மி விலை' என்று சொன்னால் உடனே தலையாட்டாமல், "எந்தத் தலைமுறை?" என்று கேளுங்கள். ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 4770 என்றால் நான்காம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

கடைசி எழுத்தும் முக்கியம். இன்டெல் பிராசசர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ5-12400 வாங்கினால் கார்டு இல்லாமலேயே திரை வரும். ஐ5-12400எஃப் வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டு போடும் வரை திரை இருட்டுதான். கார்டைப் பின்னால் வாங்கத் திட்டமிடுபவர்கள் எஃப் இல்லாததையே வாங்க வேண்டும். விலை கொஞ்சம் குறைகிறது என்று எஃப்-ஐத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம்: இப்போது நிலவரம் வேறு

'இப்ப 8 ஜிபி போட்டுக்கலாம், அப்புறம் ஏத்திக்கலாம்' என்பது பல வருடம் நல்ல ஆலோசனையாக இருந்தது. காரணம், ரேம் விலை நாளாக ஆகக் குறைந்து வந்தது. 2025 கடைசி மாதங்களில் அது தலைகீழானது. செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் போக ஆரம்பித்ததால், சாதாரண ரேம் விலை உலகம் முழுவதும் வேகமாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்கும் 'க்ரூஷியல்' ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தில் இருந்து விலகுவதாகவே 2025 டிசம்பரில் அறிவித்தது.

அதனால், பின்னால் மலிவாகும் என்று நம்பி ரேமைக் குறைத்து வாங்குவது இப்போது சரியான கணக்கு இல்லை. தொடக்கத்திலேயே 16 ஜிபி வாங்கிவிடுங்கள். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, அதில் இது நுழையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒற்றை 16 ஜிபி-யா, இரண்டு 8 ஜிபி-யா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டம், ரேமின் ஒரு பங்கைத் திரைக்கும் பயன்படுத்தும். அப்போது இரண்டு துண்டாகப் போட்டால் வேகம் கூடும். ஆனால் போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால், 32 ஜிபி போகும்போது பழைய இரண்டையும் கழற்ற வேண்டும். இரண்டு ஸ்லாட் என்றால் ஒற்றை 16; நான்கு ஸ்லாட் என்றால் இரண்டு 8. இப்படி வைத்துக்கொண்டால் பணம் வீணாகாது.

எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க்

ரேம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் மீதியை டிஸ்க்கில் கொட்டி வைத்து வேலை செய்யும். அந்த டிஸ்க் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மவுஸ் நகர்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். எனவே விண்டோஸும் சாஃப்ட்வேரும் நடப்பு வேலையும் எம்.2 என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி-யில் இருக்கட்டும். முடிந்த வேலைகளை வைக்க மலிவான ஹார்டு டிஸ்க் போதும்.

ஒரே டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். போன வருட சீசனுக்குச் செய்த போர்டை 'தேதி மட்டும் மாத்திக் குடுங்க' என்று வாடிக்கையாளர் வருவார். அந்த ஃபைல் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லை என்றால் வாடிக்கையாளரே போய்விடலாம். வெளியே கழற்றி வைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒரு முறை நகல் எடுத்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு: அவசரம் வேண்டாம்

பத்திரிகை, ஃபிளக்ஸ் வேலைக்கு இது கடைசியில் வாங்கலாம். வாங்கும்போது மின்சாரக் கணக்குப் போடுங்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாகவே அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்டின் தேவை 70 வாட். அதனால் அதன் பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டியதில்லை. ஐ5-12400 முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 250 வாட்டைச் சுற்றித்தான் வரும். உண்மையான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் நிம்மதி. 180 வாட் என்றால் ஏன் முடியாது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

மானிட்டர்: வாடிக்கையாளர் பார்க்கும் நிறம்

நடராஜரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இருக்கும் ஊர் குற்றாலம். சுவரில் தீட்டியவருக்கு நிறம் கண் முன்னால் இருந்தது. திரையில் தீட்டுகிறவருக்கு நிறத்தைக் காட்டுவது மானிட்டர்தான். அது பொய் சொன்னால் திரையில் மெரூனாக இருந்த பட்டுப்புடவை அச்சில் பழுப்பாக வரும். திரும்ப அச்சடிக்கும் செலவு டிசைனர் தலையில்தான் விழும்.

ஐ.பி.எஸ். பேனல், எஸ்.ஆர்.ஜி.பி. 99 சதவீதம் அல்லது அதற்கு அருகில் என்று இருக்கும் மானிட்டராகப் பாருங்கள். 24 அங்குலம், ஃபுல் ஹெச்.டி. தொடக்கத்துக்குப் போதும். கம்ப்யூட்டரை மாற்றினாலும் மானிட்டர் கூடவே வரும் என்பதால் இதில் போடும் பணம் நீண்ட நாள் உழைக்கும்.

எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும், அச்சு வேறு, திரை வேறு. தென்காசியில் ரயில் ஏறினால் அதே பாதையில்தான் சிவகாசி வருகிறது. காலண்டர், டைரி வேலையை அங்கே கொடுப்பவர்கள், அந்த அச்சகம் கேட்கும் வண்ண அமைப்பைக் கேட்டு, ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு முழு ஆர்டர் கொடுங்கள்.

பழைய கம்பெனி சிஸ்டம் வாங்கலாமா?

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து 'ரீஃபர்பிஷ்ட்' என்று விற்பார்கள். பத்திரிகை வேலைக்கு இது நல்ல தொடக்கம்தான். நான்கு நிபந்தனைகள்:

• இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட 8-ஆம் தலைமுறையும் டி.பி.எம். 2.0-உம் தேவை.
• டவர் மாடலாகவே பாருங்கள். சந்தையில் அதிகம் கிடைப்பவை ஒல்லி டப்பாக்கள்.
• எஸ்.எஸ்.டி. புதிதா என்று கேளுங்கள். பழையது என்றால் அதன் ஆரோக்கிய சதவீதத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.
• சீரியல் எண்ணோடு பில், எழுத்தில் வாரண்டி. இரண்டும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சாரல், காற்று, கரண்ட்

கடைக்காரர்கள் சொல்லாத ஆனால் நம் ஊருக்கு அவசியமான விஷயம் இது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் நமக்குச் சாரலைத் தருகிறது. அதே காற்று, ஊரில் தூசியையும் கிளப்பும். குற்றாலத்தில் அருவிக்கு அருகே உள்ள வீடுகளில் சீசனில் சுவரே ஈரம் கோக்கும். கேபினட்டைத் தரையிலோ சன்னலோரத்திலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். தினமும் சிறிது நேரமாவது ஓட விடுங்கள். நாள் கணக்கில் மூடி வைத்தால்தான் ஈரம் தங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட் வரை தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கும் மானிட்டருக்கும் இது போதும். கார்டு போடும் எண்ணம் இருந்தால் 1000 வி.ஏ. வாங்குங்கள். சேமித்துவிட்டு அணைக்கத்தான் யு.பி.எஸ்.; அதை வைத்துத் தொடர்ந்து வேலை பார்க்க முடியாது.

சாஃப்ட்வேர் செலவை மறந்துவிடாதீர்கள்

கிராக் செய்த சாஃப்ட்வேரோடு வைரஸும் வரும். வாடிக்கையாளர்களின் ஃபைலெல்லாம் பூட்டிக்கொண்டு பணம் கேட்டால் தாங்குமா? பணம் சேரும் வரை இலவசமானவை இருக்கின்றன. லோகோ, போர்டுக்கு இங்க்ஸ்கேப், போட்டோ வேலைக்கு ஜிம்ப், புத்தக வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், ஓவியத்துக்கு கிருதா, 3டி-க்கு பிளெண்டர்.

தமிழ் எழுத்துருவையும் வாங்கும் அன்றே சோதியுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சு வேலையில் பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொ', 'கோ' எல்லாம் உடைந்து கொம்பு இடம் மாறும். 'கோவிந்தன்' என்று ஒரு பெயரை அடித்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

பணம் எங்கே? வரி எவ்வளவு?

கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வரியோடு சேர்த்து 50,000 ரூபாய்க்கு பில் போட்டால், அதில் சுமார் 7,600 ரூபாய் வரி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், தொழிலுக்கு வாங்கியதாகக் காட்டி அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்களும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பில் இல்லை என்றால் வாரண்டியும் இல்லை.

நகையை எடுப்பதற்கு முன் முத்ரா திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் தரப்படுகிறது. சிறு டிசைன் தொழிலுக்கு இது சரியாகப் பொருந்தும் தொகை. வங்கியில் பொதுவாகக் கடையின் கொட்டேஷன் கேட்பார்கள். அந்தக் கொட்டேஷனில் 'கம்ப்யூட்டர் ஒன்று' என்று எழுதாமல், பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ். என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். கடனுக்கும் ஆகும், நாளை பாகம் மாறிவிட்டால் கேட்கவும் ஆகும்.

மூன்று படியாக வாங்குங்கள்

முதல் படி, இன்று: நல்ல டவர், 80 பிளஸ் எஸ்.எம்.பி.எஸ்., உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள புதிய தலைமுறை ஐ3 அல்லது ஐ5, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி., ஐ.பி.எஸ். மானிட்டர், யு.பி.எஸ்.

இரண்டாம் படி, முதல் சீசன் வருமானத்தில்: 32 ஜிபி-க்கு ரேம், நகல் எடுக்க வெளி ஹார்டு டிஸ்க்.

மூன்றாம் படி, வீடியோ அல்லது 3டி ஆர்டர் நிரந்தரமாக வரும்போது: கிராஃபிக்ஸ் கார்டு. ஆர்டர் வருவதற்கு முன்னால் இல்லை.

கடையில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எந்தத் தலைமுறை? கடைசியில் 'எஃப்' இருக்கிறதா?
2. ரேம் ஸ்லாட் எத்தனை, காலி எத்தனை?
3. எம்.2 ஸ்லாட் இன்னொன்று இருக்கிறதா?
4. எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? 24 பின் கனெக்டரா?
5. நானே திறந்து ரேம் போட்டால் வாரண்டி போகுமா? அதை எழுதித் தருவீர்களா?
6. ஆன்-சைட் வாரண்டி என் பின்கோடுக்கு உண்டா?
7. விண்டோஸ் ஒரிஜினல் உரிமத்தோடு வருகிறதா?

ஏழுக்கும் நேரான பதில் வந்தால் வாங்கலாம். 'அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை இல்ல தம்பி' என்றே பதில் வந்தால், இன்னொரு கடையையும் பார்த்துவிடுங்கள். வாங்கிய பின் சொன்ன பாகம் இல்லை, வாரண்டி மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். பில்லும் கொட்டேஷனும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

தென்காசியில் இருந்துகொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு, 2011 முதல் மத்தளம்பாறையில் இயங்கும் சோஹோ அலுவலகம் பதில் சொல்லிவிட்டது. சொந்தமாக ஒரு மேசை, ஒரு சிஸ்டம் என்று தொடங்குபவர்களுக்கும் ஊர் தடையில்லை. முதல் பில்லில் கொஞ்சம் நிதானம் காட்டினால், அடகுக் கடைக்குப் போன நகை அடுத்த சீசனுக்குள் வீடு திரும்பலாம்.